ரௌட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டை: நான் பாதியில் விட்ட பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள். ஏனென்றால் இது ஒரு திருத்தம். 34 வருடம் உங்கள் நோட்டுகளில் சிவப்பு மையால் திருத்தியவள், இன்று நான் கொடுத்த பாடத்தையே திருத்த வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டு இன்டர்நெட் நின்றுபோனது. பேத்திக்கு ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். இணைப்புக் கொடுத்த தம்பிக்குப் போன் செய்தேன். "அம்மா, ரௌட்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுக்குள்ள ஊசி மாதிரி எதையாவது விட்டுப் பத்து செகண்ட் அழுத்துங்க" என்றார். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டி, உள்ளே விட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்ணினேன். எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்து மறுபடி எரிந்தன. சாயங்காலம் அந்தத் தம்பி வந்து ஏதோ இரண்டு வரி தட்டிவிட்டுப் போனார். இன்டர்நெட் வந்துவிட்டது.

எனக்கு ஒரே பெருமை. ஒன்றைக் கற்றுக்கொண்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே! குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும், நம் 1996ஆம் ஆண்டு மாணவர்கள் குழுவிலும் "ரௌட்டரை ரீசெட் செய்வது எப்படி?" என்று ஐந்து வரியில் எழுதி, ஊக்கின் படத்தோடு அனுப்பினேன். 40 பேருக்கு மேல் கை கூப்பிப் பதில் போட்டிருந்தீர்கள். பலர் செய்து பார்த்து "நன்றி டீச்சர்" என்றும் எழுதியிருந்தீர்கள்.

மார்கழியில் என் பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். கணினி வலையமைப்பில்தான் அவனுக்கு வேலை. பெயரைச் சொன்னால் கூச்சப்படுவான். பேச்சு வாக்கில் என் ரீசெட் சாதனையைச் சொன்னேன். "அப்புறம் அட்மின் பாஸ்வேர்டை மாத்தினீங்களா டீச்சர்?" என்றான். "அது என்னப்பா?" என்றேன். அவன் பதில் பேசவில்லை. போனில் 192.168.1.1 என்று தட்டினான். ஒரு பக்கம் வந்தது. பெயர் கேட்ட இடத்தில் "அட்மின்". பாஸ்வேர்டு கேட்ட இடத்திலும் "அட்மின்". கதவு திறந்துகொண்டது. உள்ளே டி.என்.எஸ். என்ற இடத்தில், இணைப்புக் கொடுத்தவர்கள் போடாத ஏதோ ஒரு எண் இருந்தது. யாரோ எங்கிருந்தோ வந்து, என் வீட்டுப் பெட்டியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் வைஃபை போட்டால் மட்டும் கண்ட கண்ட விளம்பரம் வருவது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எனக்குப் பணம் எதுவும் போகவில்லை. ஆனால் என் சின்னம்மா மகள் வீட்டில் கார்த்திகை மாதம் வங்கிக் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போயிருந்தது. அது எப்படிப் போனது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்கள் வீட்டு ரௌட்டரைத் திறந்து பார்த்தபோது அங்கேயும் அட்மின், அட்மின். என் ஐந்து வரியைப் பார்த்து ரீசெட் செய்தவர்கள் அவர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மாணவனை மூன்று நாள் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன். இந்தச் சின்ன ஓட்டைக்குப் பின்னால் 60 வருட வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் நான் விட்ட ஆறாவது வரி என்னவென்று உங்களுக்கே விளங்கும்.

முதலில் அந்த ஓட்டை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரௌட்டருக்குள் இருக்கும் நினைவகத்தை இரண்டு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தயாரித்தவர்கள் எழுதிவைத்த பகுதி. நம் பாடப்புத்தகம் மாதிரி, அச்சானது அச்சானதுதான். இன்னொன்று, நாம் எழுதுகிற பகுதி. கரும்பலகை மாதிரி. வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைப்புக்கான யூசர் ஐடி எல்லாம் அதில்தான் இருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டால் கரும்பலகை அப்படியே இருக்கும். அது ரீஸ்டார்ட். ஓட்டைக்குள் அழுத்தினால் கரும்பலகை முழுவதும் அழிந்து, புத்தகத்தில் உள்ளபடி பெட்டி மறுபடி தொடங்கும். அது ரீசெட். இரண்டும் ஒன்றல்ல. நானும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பொத்தானை ஏன் ஓட்டைக்குள் ஒளித்து வைத்தார்கள்? கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பாஸ்வேர்டு மறந்துபோனவருக்கு வேறு எந்தக் கேள்வியும் கேட்காமல் அது கதவைத் திறந்துவிடுகிறது. பெட்டியைக் கையில் தூக்கி ஊசியை விட முடிகிறவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கைதான் அதற்கு ஆதாரம்.

இந்த "அழித்துத் தொடங்கும்" பழக்கம் எங்கே ஆரம்பித்தது? 1969ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு, தூரத்தில் இருக்கும் கணினிகளை இணைக்க ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பை உருவாக்கியது. இன்றைய இன்டர்நெட்டின் மூத்த தலைமுறை அது. ஒவ்வொரு ஊரிலும் செய்தியை வாங்கி, வழி பார்த்து, அடுத்த ஊருக்கு அனுப்ப ஒரு தனிக் கணினி வைத்தார்கள். அதற்கு ஐ.எம்.பி. என்று பெயர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த பிபிஎன் என்ற நிறுவனம், ஹனிவெல் கணினி ஒன்றை மாற்றியமைத்து அதைச் செய்தது. ஆள் உயர பீரோ மாதிரி, 400 கிலோ எடை. நம் வீட்டு ரௌட்டருக்குக் கொள்ளுத்தாத்தா அதுதான்.

1969 அக்டோபர் 29 இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லியனார்ட் கிளைன்ராக்கின் மாணவர் சார்லி கிளைன், சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த கணினிக்குள் நுழைய "லாகின்" என்ற சொல்லைத் தட்டத் தொடங்கினார். எல் போனது. ஓ போனது. ஜி தட்டும்போது எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. இன்டர்நெட்டின் முதல் செய்தி வெறும் இரண்டு எழுத்து! கோளாறைச் சரிசெய்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முயன்றபோது வேலை நடந்தது. ஆக, பிறந்த இரவிலேயே அதற்கு இந்த வைத்தியம் தேவைப்பட்டிருக்கிறது.

ஐ.எம்.பி.யைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். இந்தப் பெட்டி பல ஊர்களில், கவனிக்க ஆள் இல்லாமல் ஓடப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மின்சாரம் போய் வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும்படி செய்தார்கள். நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி, மீண்டு எழுவதற்கான வழியை அதில் எழுதிவைத்தார்கள். தன்னிடம் இருந்த பாடம் கெட்டுப்போனால், பக்கத்து ஊர் ஐ.எம்.பி.யிடம் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். வகுப்புக்கு வராத பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிற மாதிரி. எது போனாலும் போகாத ஒரு மூலப் பாடம் உள்ளே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

ஆனால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலேயே தப்பு இருந்தால்? 1980 அக்டோபர் 27 அன்று அதுதான் நடந்தது. ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. என்ன நடந்தது என்று பிபிஎன்னைச் சேர்ந்த எரிக் ரோசன் அடுத்த வருடம் விரிவாக எழுதினார். ஐ.எம்.பி.க்கள் தங்கள் நிலையை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அந்தச் செய்திகளுக்கு 0 முதல் 63 வரை வரிசை எண் உண்டு. 63க்குப் பிறகு மறுபடி 0. கடிகாரத்தில் 12க்குப் பிறகு 1 வருவது போல. வந்த இரண்டு செய்தியில் எது புதியது? எண்களை வட்டமாக எழுதினால், பாதி வட்டத்துக்குள் முன்னால் நிற்பது புதியது. அவ்வளவுதான் விதி.

அன்று நினைவகக் கோளாறால் ஒரு செய்தியின் எண்ணில் சில பிட்டுகள் உதிர்ந்துவிட்டன. ஒரே ஐ.எம்.பி.யின் பெயரில் 44, 40, 8 என்று மூன்று எண்களுடன் மூன்று செய்திகள் சுற்ற ஆரம்பித்தன. 8ஐ விட 40 புதியது. 40ஐ விட 44 புதியது. சரி, 44ஐ விட? 44லிருந்து 63 வரை போய், 0ஐத் தாண்டி 8க்கு வந்தால் 28 அடிதான். ஆகவே 44ஐ விட 8 புதியது! பேப்பரில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், விளங்கும். மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முடிவில்லாமல் ஓடின. மற்ற வேலை செய்ய ஐ.எம்.பி.க்களுக்கு நேரமே இல்லை.

இங்கே ஒரு ஐ.எம்.பி.யை மட்டும் அணைத்துப் போட்டால் பயன் என்ன? அது எழுந்ததும் பக்கத்து ஐ.எம்.பி. அதே பழைய செய்தியை மறுபடி கையில் கொடுத்துவிடும். கடைசியில், 50ஆம் எண் ஐ.எம்.பி.யிடமிருந்து வரும் செய்தியைக் காதில் வாங்காதே என்று எல்லாவற்றுக்கும் கட்டளை போட்டுத்தான் மீட்டார்கள். இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உள்ளே அழிப்பது பாதி வேலைதான். வெளியிலிருந்து அதே கேடு திரும்பி வர வழி இருந்தால், அழித்ததற்கு அர்த்தமில்லை.

இனி சாவியின் கதைக்கு வருகிறேன். கணினிக்குப் பாஸ்வேர்டு என்பதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எம்.ஐ.டி.யில் இருந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. ஒரே பெரிய கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் முறையை அவர் குழு 1961இல் செய்து காட்டியது. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். மறு வருடமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்செடுக்கச் சொல்லி ஒரு துளை அட்டையைப் போட்டார். கணினி மறுபேச்சில்லாமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டது! பல வருடம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். பூட்டு வந்த வேகத்திலேயே திருட்டும் வந்துவிட்டது.

1979இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மக்கள் எப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்று 3,289 பாஸ்வேர்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். 15 பேர் ஒரே ஒரு எழுத்தை வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டு எழுத்து. 464 பேர் மூன்று எழுத்து. அகராதியில் உள்ள சொல், பெயர் என்று எல்லாம் சேர்த்து 2,831, அதாவது 100க்கு 86, சுலபமாகச் சிக்கிவிட்டன. அதுவும் கணினியோடு பழகியவர்கள் வைத்த பாஸ்வேர்டு! அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. 1988 நவம்பர் 2 அன்று, இன்டர்நெட்டில் ஒரு புழு நிரல் கிளம்பி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. 6,000 என்று பொதுவாகச் சொல்வார்கள். மற்ற ஓட்டைகளோடு, எளிய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக ஊகித்தும் அது உள்ளே நுழைந்தது. அதை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். 1979 கட்டுரையை எழுதிய அதே ராபர்ட் மாரிஸின் மகன்! அப்பா எச்சரித்த ஓட்டை வழியாகவே பிள்ளை போயிருக்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் பல்கலைக்கழகத்துக் கணினிகள். நம் வீட்டுக்குள் இது எப்போது வந்தது? இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் மூலம் வந்தது. அப்போது போன் வழியாக ஒரு வீட்டுக்கு ஒரு கணினிதான். பிறகு ஒரே இணைப்பில் பல கருவிகளை மாட்ட வேண்டிய தேவை வந்தது. உலகத்தில் உள்ள முகவரி எண்கள் அத்தனைக்கும் போதாது. அதனால், வெளியே ஒரு முகவரி, வீட்டுக்குள் தனியாகப் பல முகவரி என்ற ஏற்பாட்டை 1994இல் எழுதினார்கள். வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டிய எண்கள் எவை என்று 1996 பிப்ரவரியில் வரையறுத்தார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் அவற்றில் ஒரு தொகுதி. அதனால்தான் சென்னையிலும் 192.168.1.1, சிகாகோவிலும் 192.168.1.1. எல்லா வீட்டிலும் சமையலறைக்குச் சமையலறை என்றுதானே பெயர், அந்த மாதிரி.

2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலமும் கறுப்புமான வைஃபை ரௌட்டரைக் கொண்டுவந்தது. உலகமெங்கும் வீடுகளில் இடம் பிடித்த பெட்டி அது. அதன் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? "அட்மின்". அந்தக் காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. லட்சக்கணக்கில் பெட்டி செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி போடுவது செலவு. ஒரே சாவி போட்டால் புத்தகத்தில் ஒரு வரி அச்சிட்டால் போதும். வாங்கியவர் முதல் நாளே மாற்றிக்கொள்வார் என்று நினைத்தார்கள். யார் மாற்றினார்கள்? நானும் மாற்றவில்லையே.

அதன் விளைவு ஒவ்வொன்றாக வந்தது. 2011இல் பிரேசில் நாட்டில் ஏறக்குறைய 45 லட்சம் மோடம்களின் டி.என்.எஸ். எண்ணைத் திருடர்கள் மாற்றினார்கள். அங்கே அவர்களுக்கு வழிவிட்டது மோடம் நிரலிலேயே இருந்த ஒரு குறை. டி.என்.எஸ். என்பது இன்டர்நெட்டின் விலாசப் புத்தகம். நாம் வங்கியின் பெயரைத் தட்டினால் அதன் எண்ணை எடுத்துத் தருவது அதுதான். புத்தகமே போலி என்றால், சரியான பெயரைத் தட்டினாலும் தவறான வாசலில்தான் போய் நிற்போம். வங்கி போலவே இருந்த போலிப் பக்கங்களில் மக்கள் பாஸ்வேர்டைத் தட்டினார்கள். என் வீட்டுப் பெட்டியில் மாறியிருந்ததும் இதே டி.என்.எஸ். எண்தான் என்று படித்தபோது கை நடுங்கியது.

2016இல் மிராய் வந்தது. ரௌட்டர், கண்காணிப்பு கேமரா போன்றவற்றைத் தேடிப் பிடித்து அடிமையாக்கும் நிரல் அது. எழுதியவர்கள் கல்லூரி வயதில் இருந்த மூன்று அமெரிக்க இளைஞர்கள். அதன் ஆயுதம் என்ன? பெரிய கணக்கு எதுவும் இல்லை. நிறுவனங்கள் போட்டு அனுப்பிய 60க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளின் பட்டியல், அவ்வளவுதான். பிறகு அந்த நிரலை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டார்கள். அக்டோபர் 21 அன்று இப்படி அடிமையான கருவிகளை வைத்து டின் என்ற நிறுவனத்தின் டி.என்.எஸ். சேவையைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

மிராயைப் பற்றி ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். அது கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான் இருந்தது. அணைத்துப் போட்டாலே செத்துவிடும். ஆனால் பாஸ்வேர்டு பழையபடியே இருந்தால் சில நிமிடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். 1980இல் ஐ.எம்.பி.க்களுக்கு நடந்ததேதான். அழித்தால் மட்டும் போதவில்லை.

2017 ஜூலையில் நம் நாட்டிலேயே ஏறக்குறைய 60,000 மோடம்கள் ஒரு தாக்குதலில் செயலிழந்தன. பிரிக்கர்பாட் என்ற நிரல். பெயருக்கேற்ப அது கருவியைச் செங்கல்லாக்கிவிடும். அங்கேயும் வழிவிட்டது மாற்றாத அட்மின் பாஸ்வேர்டுதான். வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையும் அதேதான்: முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

2018 மே மாதம் வி.பி.என்.ஃபில்டர் வந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் அது புகுந்திருந்ததாக சிஸ்கோவின் ஆய்வுப் பிரிவு மதிப்பிட்டது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைப் பார்த்து "உங்கள் ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றே அறிவித்தது. ஆனால் இது மிராய் மாதிரி இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் மேல்பகுதி போகும். வேர் உள்ளேயே இருக்கும். வேரோடு பிடுங்க ஓட்டைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்ய வேண்டியிருந்தது. ரீஸ்டார்ட்டுக்கும் ரீசெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இத்தனைக்கும் பிறகுதான் சட்டம் விழித்துக்கொண்டது. 2020 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில், இன்டர்நெட்டில் இணையும் கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு இருக்க வேண்டும், அல்லது முதல் முறை திறக்கும்போதே மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இதே போன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று புது ரௌட்டர்கள் பலவற்றின் அடியில் தனிப் பாஸ்வேர்டுடன் ஒட்டுத்தாள் இருக்கிறதே, அது அந்த மாற்றத்தின் பலன். ஆனால் நம் வீடுகளில் ஓடும் பழைய பெட்டிகள் எந்தச் சட்டத்தையும் படிப்பதில்லை.

இப்போது என் தப்பு உங்களுக்கே தெரிந்திருக்கும். ரீசெட் என்பது ரௌட்டரைப் பிறந்த நாளுக்குக் கொண்டுபோவது. பிறந்த நாளில் அதன் கையில் இருந்தது ஊரறிந்த சாவி. நீங்கள் முன்பு நல்ல பாஸ்வேர்டு வைத்திருந்தாலும், என் பேச்சைக் கேட்டு ஊக்கை விட்ட அந்தப் பத்து விநாடியில் அது அழிந்து, பழைய அட்மின் மறுபடி வந்திருக்கும். பாதுகாப்பாக இருந்த வீட்டைக்கூட நான் திறந்து போடச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையை அழிக்கச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, அழித்த பிறகு முதலில் எதை எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆகவே திருத்திய பாடம் இதோ. பழைய ஐந்து வரியை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1. ரீசெட் செய்வதற்கு முன், இணைப்புக் கொடுத்தவர்களிடம் உங்கள் யூசர் ஐடி, பாஸ்வேர்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் அதுவும் அழிந்துவிடலாம். ரௌட்டருக்கு அடியில் உள்ள ஒட்டுத்தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைவு போன்ற சின்னத் தொல்லை என்றால் முதலில் அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதுவே பெரும்பாலும் போதும்.

2. ரௌட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஓட்டைக்குள் ஊக்கை விட்டு, விளக்குகள் மாறும் வரை அழுத்துங்கள். பல பெட்டிகளுக்குப் பத்து விநாடி போதும்.

3. பெட்டி எழுந்ததும், வேறு எதையும் திறக்கும் முன், ஒட்டுத்தாளில் உள்ள முகவரியைத் தட்டி உள்ளே போய் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். நான் விட்ட வரி இதுதான். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. முன்னது வாசல் சாவி, பின்னது பீரோ சாவி. விருந்தாளிக்கு வாசல் சாவியைத்தானே கொடுப்போம்?

4. பிறகு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வெளியிலிருந்து ரௌட்டரை இயக்கும் வசதி திறந்திருந்தால் அதை மூடுங்கள். ரௌட்டரின் நிரலுக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பிரேசில் மாதிரி நிரலிலேயே உள்ள குறைக்கு அதுதான் மருந்து. தெரியாவிட்டால் வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

5. புதுப் பாஸ்வேர்டை மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கேயும் எழுதாதே என்று சிலர் சொல்வார்கள். நம்மைத் தேடி வருகிற திருடன் வேறு கண்டத்தில் இருக்கிறான். அவன் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள நோட்டைப் படிக்க வரமாட்டான்.

6. பழைய ரௌட்டரைப் பழைய சாமான் கடைக்குப் போடும் முன் கட்டாயம் ரீசெட் செய்யுங்கள். 2023இல் ஒரு பாதுகாப்பு நிறுவனம் பழைய ரௌட்டர்களை வாங்கிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் முன்பு வைத்திருந்த நிறுவனங்களின் ரகசியங்கள் அழியாமல் அப்படியே இருந்தன.

கோர்பட்டோ தன் கடைசிக் காலத்தில், பாஸ்வேர்டு என்பது பெருந்தொல்லையாகிவிட்டது என்று அவரே சலித்துக்கொண்டார். கொண்டுவந்தவருக்கே அப்படி என்றால் நமக்கு எப்படி இருக்கும்! ஆனாலும் இந்த ஒரு தொல்லையைப் பட்டுத்தான் ஆக வேண்டும்.

சின்னம்மா மகள் வீட்டுக்குத் தை மாதம் நேரிலேயே போய் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையாலேயே பாஸ்வேர்டை மாற்றவைத்தேன். "நீ வேணும்னா செஞ்சே, விடுக்கா" என்றாள். அவள் விட்டுவிட்டாள். எனக்குத்தான் இன்னும் விட முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீட்டுப்பாடம்: இன்று இரவுக்குள் உங்கள் ரௌட்டரைத் திறந்து பாருங்கள். மாற்றி முடித்தவர்கள் கீழே "முடிந்தது டீச்சர்" என்று எழுதுங்கள். புதுப் பாஸ்வேர்டை அங்கே எழுதிவிடாதீர்கள். உங்களில் சிலரை எனக்குத் தெரியும்! போன முறை என் ஐந்து வரிக்குக் கை கூப்பிய எல்லாருடைய பெயரும் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராதவர்களுக்கு நானே போன் செய்வேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்